பின்னிணைப்பில் இருப்பவர்கள்

பல்கலைக்கழக நூலகங்களின் டிஜிட்டல் களஞ்சியங்களைப் பற்றிய சொல்லாடல் பெரும்பாலும் எண்ணிக்கையிலேயே நின்றுவிடுகிறது. எத்தனை ஆய்வேடு ஏற்றியாயிற்று, எத்தனை பல்கலைக்கழகம் ஒப்பந்தம் போட்டாயிற்று என்பதுதான் பேச்சு. காந்திநகரின் இன்ஃப்ளிப்நெட் மையம் நடத்தும் ஷோத்கங்காவில் 4 லட்சத்துக்கும் மேற்பட்ட ஆய்வேடுகள் சேர்ந்துவிட்டன. ஆய்வேட்டின் மின்பிரதியைக் கொடுத்தே தீரவேண்டும் என்று 2009இல் யுஜிசி விதி செய்ததன் விளைவு இது. இதைச் சும்மா இகழ்ந்துவிட முடியாது. துறை அலமாரிப் பூட்டுக்குள் கிடந்த பிரதியை, பட்டம் எதுவுமில்லாத ஒருத்தர் தன் ஊரில் உட்கார்ந்து தரவிறக்கிப் படிக்கிறார் என்பது சின்ன விஷயமில்லை. என் கேள்வி வேறு. இந்தத் திறப்பு யாரை ஆசிரியராக்குகிறது, யாரை வெறும் தரவாக்குகிறது?

தமிழ்த்துறைகளில் செய்யப்பட்ட நாட்டார் வழக்காற்று ஆய்வேடுகளை எடுத்துக்கொள்வோம். ஒப்பாரி, நடவுப்பாட்டு, கதைப்பாடல். இயல்களில் பாதி ‘பாடல்களில் சமுதாயம்’, ‘பாடல்களில் உவமை’ என்று வகைதொகை செய்வதிலேயே கழிந்துவிடும். (வகைப்பாட்டையே ஆய்வென்று நம்பிய வகுப்பறைகளில் உட்கார்ந்து எழுந்தவர்கள்தானே நாமும்.) சரக்கு இருப்பது பின்னிணைப்பில். பாடல்கள் முழுசாக அங்கேதான் இருக்கும். அதற்குப் பிறகு தகவலாளர் பட்டியல்: பெயர், வயது, சாதி, தொழில், ஊர்.

களஞ்சியத்தின் பதிவுப் பக்கத்தில் ஆய்வாளருக்குக் கட்டம் உண்டு, நெறியாளருக்கு உண்டு, துறைக்கும் பல்கலைக்கழகத்துக்கும் உண்டு. ராத்திரியெல்லாம் கண்விழித்துப் பாடிக்கொடுத்த கிழவிக்கு இல்லை. இதைத் தொழில்நுட்பத்தின் தலையில் போட வழியில்லை. டப்ளின் கோர் என்னும் விவரிப்பு முறையின் 15 கூறுகளில் ‘பங்களிப்பாளர்’ என்பதும் ஒன்று. ஒரே கூறில் எத்தனை பேரை வேண்டுமானாலும் பதியலாம். பதிய வேண்டுமென்று தோன்றவில்லை, அவ்வளவுதான். பட்டம் வழங்கும் நிறுவனத்துக்கு எழுத்துதான் அறிவு. வாய்மொழி வெறும் தகவல்.

சரி, உள்ளே தேடினாலாவது அகப்படுவாரா? பழைய ஆய்வேடுகள் பெரும்பாலும் ஸ்கேன் செய்த படங்கள். பாமினி மாதிரியான எழுத்துருவில் அடித்த கோப்பில் தமிழ்ச் சொல்லைப் போட்டால் ஒன்றும் வராது. மேலே தமிழாகத் தெரிவதற்கு அடியில் கிடப்பவை ரோமன் எழுத்துகள். தமிழக அரசு யூனிகோடை ஏற்றது 2010இல்.

இன்னொரு பக்கம் இருக்கிறது. அதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது. தேடலில் அகப்படாத அதே பெயர், பின்னிணைப்புக் கோப்பைத் திறந்தால் சாதியோடும் ஊரோடும் நிற்கிறது. டேப்ரிக்கார்டரோடு வந்த மாணவரை நம்பிச் சொன்னது அது. நாலைந்து பிரதி தட்டச்சாகி நூலகத்தில் தூங்கும் என்றிருந்த காலத்தில் சொன்னது. இன்று அந்த ஊர்ப் பையனின் கைபேசியில் திறக்கும். ஊர்ப் பெரியதனக்காரரை ஏசுகிற பாட்டைப் பாடியவர் என்றால் அவர் கதி என்ன? ஏற்றுவதற்கு முன் அவரையோ பிள்ளைகளையோ யார் கேட்டார்கள்? ஒப்புதலில் கையெழுத்திடுவது ஆய்வாளர். ஷோத்கங்கா ஆய்வேடுகளுக்கு இட்டிருக்கும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தின்படி, எடுத்தாள்பவர் பெயரைக் குறிப்பிட்டாக வேண்டும். யார் பெயரை?

பெயரை மேலே ஏற்று என்கிறேன், அதே மூச்சில் மறை என்கிறேன். முரண்தான். ஏற்றுவதா மறைப்பதா என்று சொல்லவேண்டியவர் பாடினவர். நூலகரோ நெறியாளரோ நானோ அல்ல. களஞ்சியத்தைப் பரப்ப ஆய்வு மாணவர்களுக்கு விழிப்புணர்வுக் கூட்டம் போடுகிறார்கள். அச்செடுத்த பின்னிணைப்போடு அதே நூலகர் ஒருமுறை அந்த ஊருக்கும் போகலாமே.

போனால், பாடினவர் வீட்டில் முதலில் கேட்கப்போவது கேசட் எங்கே என்றுதான். விதி கேட்டது ஆய்வேட்டை மட்டும். ஒலிநாடாக்கள் ஆய்வாளர்களின் வீட்டுப் பரணில் பூஞ்சை பிடித்துக் கிடக்கின்றன.