கொல்லிப்பாவையும் குவாண்டம் உணரியும்: ஓர் ஒப்பீட்டின் எல்லை

முன்னுரை

சங்க இலக்கியத்தில் அறிவியல் கூறுகளைத் தேடும் ஆய்வுகள் தமிழில் பெருகியுள்ளன. அவற்றுள் சில, பழம்பாடலின் ஒரு சொல்லையும் இக்கால அறிவியலின் ஒரு கருத்தையும் அருகருகே வைத்து, இரண்டும் ஒன்றே என முடிக்கின்றன. இன்று வாழவந்தி நாடு, வளப்பூர் நாடு முதலான நாடுகளைக் கொண்டு விளங்கும் கொல்லிமலை, சங்கப் பாடல்களில் பாவையின் இடமாகப் பேசப்படுகிறது. உள்ளத்தைக் கவரும் அப்பாவையைக் காந்தத்தோடு இணைத்துக் காண்பது எளிது. அவ்வொப்பீடு எதுவரை செல்லும் என்பதை, இருபரிமாணப் பொருள்களின் காந்தத்தன்மையை அளக்கும் குவாண்டம் உணரியை முன்வைத்து இக்கட்டுரை மதிப்பிடுகிறது.

பாடல்கள் கூறுவன

கொல்லியின் மேற்கு மலையில் தெய்வம் வரைந்தது எனக் குறுந்தொகை 89ஆம் பாடலும், பூதம் அமைத்தது என நற்றிணை 192ஆம் பாடலும் பாவையைக் குறிக்கின்றன. பரணரின் நற்றிணை 201ஆம் பாடல் மேலும் ஒரு படி செல்கிறது. காற்று மோதினும், மழை விரைந்து பொழியினும், இடி விழினும், நிலமே அதிரினும் பாவையின் அழகு அழிவதில்லை. அதுபோலத் தலைவியும் தன் நெஞ்சைவிட்டு நீங்காள் என்று, தன்னை இடித்துரைத்த பாங்கனுக்குத் தலைவன் விடை கூறுகிறான். இங்குப் பாவைக்குரிய சிறப்பு ஈர்ப்பு அன்று, நிலைபேறே ஆகும்.

உணரி செய்வது

குரோமியம் டிரைஅயோடைடின் ஒற்றைப் படலம், ஏறத்தாழ 45 கெல்வின் வெப்பநிலைக்குக் கீழே காந்தமாக விளங்குவது 2017இல் அறிவிக்கப்பட்டது. 2019இல் சுவிட்சர்லாந்தின் பாசல் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இப்பொருளின் காந்தப்புலத்தை வைர முனையால் வருடி அளந்தனர். வைரப் படிகத்தில் ஒரு கார்பன் அணுவின் இடத்தில் நைட்ரஜன் அணுவும் அதனை ஒட்டி ஒரு வெற்றிடமும் அமைந்த மையமே அவ்வுணரி. காந்தப்புலம் பட்டால் அம்மையத்தின் தற்சுழற்சி ஆற்றல்நிலைகள் டெஸ்லாவுக்கு ஏறத்தாழ 28 கிகாஹெர்ட்ஸ் என்ற அளவில் இடம்பெயர்கின்றன. பச்சை ஒளியும் நுண்ணலையும் செலுத்தி, வெளிப்படும் சிவப்பு ஒளிர்வின் மாற்றத்தால் அப்பெயர்ச்சி அறியப்படுகிறது. படலங்களின் எண்ணிக்கை ஒற்றைப்படையாயின் காந்தத்தன்மை எஞ்சுவதையும், இரட்டைப்படையாயின் பெரிதும் நீங்கிவிடுவதையும் அவர்கள் கண்டனர். இந்தியாவில் 2023இல் ஒப்புதல் பெற்ற தேசியக் குவாண்டம் இயக்கத்திலும் உணர்தலும் அளவியலும் தனித்துறையாக இடம்பெற்றுள்ளன.

மதிப்பீடு

பாவை எவ்விடரிலும் மாறாதது. உணரியோ மிகச் சிறிய புலத்துக்கும் மாறுவது, மாறுவதாலேயே பயன்படுவது. ஆகவே பாவையை உணரியோடும், கவர்ச்சியை அளவீட்டோடும் ஒன்றாக்குவது பொருந்தாது. ஒப்புமை தேடின், அது தலைவனிடமே உள்ளது. பாங்கன் தலைவியைக் கண்டவன் அல்லன். தலைவனின் நிலைமாற்றத்தைக் கண்டே காரணம் ஒன்று உண்டு என உணர்கிறான். காணாத ஒன்றை, அதனால் மாறிய மற்றொன்றைக் கொண்டு அறிதல் என்ற அளவில் இரண்டும் ஒக்கும். ஆனால் உணரியின் மாற்றம் எண்ணாக வெளிப்படுவது, வேறொருவர் மீண்டும் சோதிக்கத்தக்கது. தலைவனின் மாற்றத்துக்கு அத்தகைய அளவில்லை. அளவின்மையே அப்பாடலின் ஆற்றல்.

உவமையை எல்லையறிந்து ஆளும் முறைக்குத் தமிழ் மரபிலேயே முன்மாதிரி உண்டு. சிவஞானபோதத்தின் ஐந்தாம் நூற்பாவில் மெய்கண்டார் காந்தத்தையும் இரும்பையும் உவமையாக்குகிறார். இறைவன் முன்னிலையில் உயிர்கள் அறிவதை அது விளக்குகிறது. காந்தத்தின் இயல்பை அவர் முன்பே அறியப்பட்டதாகக் கொண்டாரே அன்றி, நூற்பாவால் அதனை நிறுவ முற்படவில்லை.

முடிவுரை

பாவை ஒரு காந்தக் கருவி என்று வாழவந்தி நாட்டு மாணவர் ஒருவருக்குக் கற்பித்தால் அவர் இரண்டை இழப்பார். பரணர் பாடலில் தலைவன் படும் துன்பம் ஒன்று. ஒற்றை அணுக்குறை ஒரு படலத்தின் காந்தத்தை அளந்துகாட்டும் வியப்பு மற்றொன்று. உவமை விளக்கத் துணைபுரியும். நிறுவுவதற்குச் சான்று தனியே வேண்டும். இவ்வேறுபாட்டைப் பேணுவது சங்க இலக்கிய ஆய்வுக்கும் தமிழ்வழி அறிவியல் கல்விக்கும் ஒருங்கே நலம் பயக்கும்.