கதிர்ப்படத்தில் கண் எங்கே?

பறுவ நாள் மாலையில் நிலாவெளிக் கடற்கரையில் இருவர் ஐம்பதடி தள்ளி நின்று பார்க்கட்டும். கிழக்கே எழும் நிலா தண்ணீரில் போடும் வெள்ளிப் பாதை இருவரின் காலடிக்கும் தனித்தனியாக வந்து சேரும். எது உண்மையான பாதை என்று சண்டை பிடிக்க இடமில்லை. அலையின் ஒவ்வொரு சரிவும் ஒரு குட்டித் தளவாடி; ஒருவர் கண்ணுக்கு ஒளியைத் தெறிக்கும் சரிவு மற்றவர் கண்ணுக்குத் தெறிப்பதில்லை.

இதே கரையோரப் பிள்ளைகள் ஓ-லெவலுக்குக் கீறிப் பழகும் கதிர்ப்படங்களில் அந்தக் கண்ணைத்தான் பெரும்பாலும் காணவில்லை.

கதிர்ப்படத்தை லேசாக எண்ணிவிட முடியாது. ஓர் அடிமட்டமும் பென்சிலும் கொப்பியில் ஒரு பக்கமும் போதும். குழிவாடியில் அச்சுக்குச் சமாந்தரமாக வரும் கதிர் தெறித்துக் குவியத்தினூடாகப் போகும். வளைவு மையத்தினூடாக வரும் கதிர் வந்த வழியே திரும்பும். இரண்டும் வெட்டுமிடத்தில் விம்பம். பொருளை ஆடிப் பக்கமாக நகர்த்தி நகர்த்திக் கீறினால், தலைகீழான மெய்விம்பம் பெருத்துக்கொண்டே விலகிப்போகும். பொருள் குவியத்தைத் தாண்டி உள்ளே வந்ததும் ஆடிக்குப் பின்னால் நிமிர்ந்த மாயவிம்பம் தோன்றும். சூத்திரம் எண்ணைத்தான் தரும். ஏன் தலைகீழ் என்பதைக் கீறிய கோடுதான் காட்டும். ஆய்வுகூடம் இல்லாத பாடசாலைக்கு இதைவிட மலிவான கருவி ஏது?

அந்த இரண்டு கோடுகளும்தான் ஒளி என்று பிள்ளை நம்பும்போது சிக்கல் தொடங்குகிறது. ஆடியின் கீழ்ப்பாதியை மட்டையால் மறைத்தால்? ‘பாதி விம்பம்’ என்ற பதில் சட்டென்று வரும். ஃபிரெட் கோல்ட்பேர்க்கும் லில்லியன் மக்டேர்மட்டும் 1987இல் வெளியிட்ட ஆய்வில், அமெரிக்கப் பல்கலைக்கழக மாணவர் பலரும் பாதி மறைத்த வில்லையைப் பற்றி இப்படித்தான் சொன்னார்கள். உண்மையில் விம்பம் முழுதாகவே இருக்கும், மங்கும், அவ்வளவுதான். பொருளின் ஒவ்வொரு புள்ளியும் ஆடி முழுவதற்கும் ஒளி அனுப்புகிறது.

கவராயத்தால் பெரிய வில் போடும் பழக்கமும் பிழையானது. வளைவு மையத்தில் அச்சோடு 60 பாகை ஆக்கும் இடத்தில் விழும் சமாந்தரக் கதிர், தெறிப்பு விதிப்படி குவியத்தை அண்டாமல் ஆடியின் முனைவிலேயே போய் விழும். கோணமானியால் சரியாக அளந்து கீறும் பிள்ளைக்குத்தான் இங்கே விடை பிழைக்கிறது!

எல்லாவற்றையும்விடப் பெரிய குறை கண்ணை விட்டது. புல்மோட்டை வீதியில் ஓடும் ஓர் ஓட்டோவின் பக்கக் கண்ணாடியை எடுத்துக்கொள்ளலாம். அது குவிவாடி, வளைவாரை 120 சென்ரிமீற்றர், குவியத்தூரம் 60 என்று வைப்போம். 6 மீற்றர் பின்னால் வரும் பஸ்ஸின் விம்பம் கண்ணாடிக்குப் பின்னே ஏறத்தாழ 55 சென்ரிமீற்றரில் இருக்கும். பஸ் 12 மீற்றரில் வந்தால் 57. வித்தியாசம் ஓரங்குலம். படத்தை நம்பினால் பஸ் கண்ணாடியோடு ஒட்டியல்லவா வரவேண்டும்? சாரதிக்கோ அது எட்டத்தில் வருவதுபோல் தெரிகிறது. விம்பம் பதினொன்றில் ஒரு பங்காகச் சுருங்கியிருப்பதால், சின்னதாகத் தெரிவது தூரத்தில் என்று மூளை கணக்குப் போட்டுவிடுகிறது. வாகனம் தெரிவதைவிடக் கிட்ட இருக்கிறது என்று சில கண்ணாடிகளில் எழுதிவைப்பது இதனால்தான். “எது சரி, சேர்?” என்று கேட்கும் பிள்ளைக்கு, கண் இல்லாத படத்தை வைத்து எந்த ஆசிரியராலும் பதில் சொல்ல முடியாது. விழித்திரையில் விம்பம் விழுவதை யொகான்னஸ் கெப்ளர் 1604இலேயே விளக்கிவிட்டார். கொப்பிக்கு அது இன்னும் வந்து சேரவில்லை.

கண்ணைக் கீறாமல் விடை வராத கணக்கு ஒன்று தளவாடிப் பாடத்திலேயே இருக்கிறது. 160 சென்ரிமீற்றர் உயரமானவர் தன்னை முழுதாகப் பார்க்க எவ்வளவு உயரக் கண்ணாடி வேண்டும்? 80 போதும். பின்னால் போனால் இன்னும் கொஞ்சம் தெரியும் என்று பலர் அடித்துச் சொல்வார்கள். எவ்வளவு தூரம் போனாலும் அதே 80தான். மேல் விளிம்பு உச்சிக்கும் கண்ணுக்கும் நடுவில், கீழ் விளிம்பு கண்ணுக்கும் பாதத்துக்கும் நடுவில். சுவரில் ஆணி அடிக்குமுன் கண் எந்த மட்டத்தில் இருக்கிறது என்று அளந்துதான் ஆகவேண்டும்.