ஸ்வர எழுத்தும் ஐந்து கோடும்

எழுத்தில் அடித்த ஸ்வரக் குறிப்பை மென்பொருளிடம் கொடுத்தால் அது ஐந்து கோடு போட்ட மேற்கத்திய இசைத்தாளாக மாற்றிக் கொடுத்துவிடுகிறது. இதில் விவாதிக்க என்ன இருக்கிறது என்று கேட்கலாம், கேட்கிறார்கள். வீதி நாடகத்துக்கும் இயக்க மேடைக்கும் பாட்டுக் கட்டுகிற தோழர்களில் சிலர் இதை விடுதலைச் செய்தியாகவே கொண்டாடுகிறார்கள்: இனி எங்க ஊர்ப் பாட்டை எந்த ஊர்க்காரனும் வாசிப்பான். சபா வாசலில் நிற்கிற இன்னொரு கூட்டம் பெருமூச்சு விடுகிறது: நம்ம சங்கீதத்தைக் கோட்டுக்குள்ள அடைக்க முடியுமாங்க? இரண்டு பேச்சுக்கும் அடியில் இருப்பது ஒரே நம்பிக்கை. மூலப்பிரதி ஒன்று முழுதாக, மாசில்லாமல் எங்கோ இருக்கிறது. மென்பொருள் அதை அப்படியே சுமந்துபோகிறது, அல்லது கெடுத்துவிடுகிறது. ஆனால் மூலம் என்று நாம் சொல்லும் ஸ்வர எழுத்தே ஒரு வாசிப்புதான். மென்பொருள் செய்வது வாசிப்பின் மேல் இன்னொரு வாசிப்பு. தமிழ் படித்தவர்களுக்குப் பழகிய சொல்லில் சொன்னால், உரை. உரைக்கு உரையாசிரியன் பொறுப்பு. இங்கே உரையாசிரியன் பெயர் காணாமல் போகிறது என்பதுதான் என் சண்டை.

முதலில் வேலை எப்படி நடக்கிறதென்று பார்த்துவிடுவோம். (தொழில்நுட்பத்தைத் தொட்டுப் பார்க்காமலேயே அதன் 'அரசியலை'ப் பேசி முடித்துவிடும் பழக்கம் நம்மிடம் நிறைய உண்டு.) 1990களின் தொடக்கத்தில் கிறிஸ் வால்ஷா என்பவர் 'ஏபிசி' என்ற எழுத்துக் குறிப்பு முறையைப் புழக்கத்துக்குக் கொண்டுவந்தார். ஐரோப்பிய நாட்டார் மெட்டுகளைச் சாதாரண விசைப்பலகையில் அடித்துவைத்துக்கொள்ள உருவானது அது. ஸ்வரத்துக்கு ஆங்கில எழுத்து. பெரிய எழுத்து கீழ் ஸ்தாயி, சின்ன எழுத்து மேல் ஸ்தாயி. எழுத்துக்குப் பின்னால் 2 என்று போட்டால் நீளம் இரட்டிப்பு. தலைப்பில் சில வரிகள்: பாட்டின் பெயர், தாளக் கணக்கு, சுருதி. அவ்வளவுதான். இதைப் படித்து ஐந்து கோடு வரைந்து தர மென்பொருள்கள் வந்தன. 1996இல் நெதர்லாந்துக்காரர்கள் இருவர் தொடங்கிய லிலிபாண்டும் எழுத்தை வாங்கி இசைத்தாளைத் தருவதுதான். 2004இல் மியூசிக்எக்ஸ்எம்எல் வந்தபின் ஒரு மென்பொருளில் எழுதியதை இன்னொன்றில் திறக்க முடிந்தது. மியூஸ்ஸ்கோரைக் காசு கொடுக்காமல் இறக்கிக்கொள்ளலாம். பெரம்பலூரிலோ அரியலூரிலோ கையில் ஒரு பழைய கணினி இருந்தால் போதும்.

இதைப் புதுமை என்று வியப்பவர்கள் நம் ஸ்வரப் புத்தகங்களை ஒருமுறை புரட்டிப் பார்க்கலாம். ஸ ரி க ம என்று எழுதி, நீளத்தை உயிர்க்குறியால் காட்டும் முறை நூறாண்டுக்கு மேலாக அச்சில் இருக்கிறது. ஸ என்றால் ஒன்று, ஸா என்றால் இரண்டு. குறில் ஒரு மாத்திரை, நெடில் இரண்டு மாத்திரை என்று நன்னூல் வகுப்பில் மனப்பாடம் செய்த அதே கணக்கு. அதற்கும் மேல் நீட்ட வேண்டுமென்றால் காற்புள்ளி ஒன்று, அரைப்புள்ளி இரண்டு. மேலே புள்ளி மேல் ஸ்தாயி, கீழே புள்ளி கீழ் ஸ்தாயி. அங்கம் முடிந்தால் ஒரு கோடு, ஆவர்த்தனம் முடிந்தால் இரட்டைக் கோடு. இதுவும் எழுத்தாலான குறிப்பு முறைதான். கணினி வருவதற்கு முன்பே கணினிக்கு ஏற்றாற்போல இருந்தது.

ஆனால் ஏபிசியில் காற்புள்ளி என்றால் ஸ்தாயியை இறக்கு என்று பொருள். நம் புத்தகத்தில் நீட்டு என்று பொருள். யோசிக்காமல் அடித்துப்போட்டால் பாட்டு நீளாது, பள்ளத்தில் விழும். இது சில்லறைத் தவறு, திருத்திவிடலாம். தாளக்கோட்டில் வருவது அவ்வளவு சில்லறையில்லை. ஆதி தாளத்தின் எட்டு அட்சரம் நான்கு, இரண்டு, இரண்டு என்று பிரியும். கோட்டுக்குக் கோடு சம அளவு எதிர்பார்க்கும் மென்பொருள் இதைப் பிழை என்று எடுத்துக்கொள்கிறது. சில கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். சில, குறைகிற இடத்தை ஓய்வுக் குறி போட்டு நிரப்பிவிடும். யாரும் விடாத மூச்சு தாளில் ஏறிவிடுகிறது. வாசிக்கிறவர் அதையும் வாசிப்பார், தாளில் இருக்கிறதே!

ராகத்துக்கு வந்தால்தான் உரை என்ற சொல்லின் பாரம் தெரியும். 'ரி' என்று எழுதினால் எந்த ரி? எழுத்து சொல்லாது. மேலே எழுதியிருக்கும் ராகப் பெயரைப் பார்த்துத்தான் தெரிந்துகொள்ள வேண்டும். சரளி வரிசை பாடப்படும் மாயாமாளவகௌளைக்கே மேற்கின் வழக்கமான சுருதிக் குறிகளில் பொருந்துவது எதுவுமில்லை. இந்த ஸ்வரத்தை இறக்கு, அந்த ஸ்வரத்தை இறக்கு என்று தனித்தனியாகச் சொல்லவேண்டும். அதற்கு ஏபிசியில் வழியிருக்கிறது. பைரவிக்கு அந்த வழியும் போதாது. நடபைரவி மேளத்தில் சேர்ப்பதால் தைவதம் சுத்த தைவதம் என்று தலைப்பில் ஒருமுறை அறிவித்துவிடுகிறோம். பைரவியோ ஏறும்போது சதுச்ருதி தைவதத்தைத் தொடும், இறங்கும்போது சுத்த தைவதத்தைத் தொடும். எழுத்தில் இரண்டும் 'த'தான். எந்த 'த' எது என்று ஒவ்வொரு இடத்திலும் ஒருவர் முடிவு செய்தாக வேண்டும். தோடியின் காந்தாரம் இன்னும் மோசம்: தாளில் ஒரு புள்ளி, தொண்டையில் ரிக்கும் மவுக்கும் நடுவே ஓர் அலைச்சல். கோடு அந்தப் புள்ளியை மட்டும் எடுத்துக்கொள்ளும்.

பைரவியை எடுத்ததற்குக் காரணமுண்டு. உடையார்பாளையம் ஜமீனில் வித்துவானாக இருந்த கனம் கிருஷ்ணையரின் 'வேலவரே' பதம் பைரவிதான். இன்றைய அரியலூர் மாவட்டத்து மண்ணில் புழங்கிய தமிழ்ப் பதம் அது. அவரைப் பற்றி 1936இல் நூல் எழுதியவர் உ.வே.சாமிநாதையர். உ.வே.சா.வின் தகப்பனார் உடையார்பாளையத்தில் கனம் கிருஷ்ணையரிடம் சங்கீதம் படித்தவர், உறவினரும்கூட. அரியலூரிலும் குன்னத்திலும் குடியிருந்து தமிழ் கற்ற சிறுவன்தான் பின்னால் ஏடு தேடி அலைந்தவர் என்பதை 'என் சரித்திரம்' படித்தவர்கள் அறிவார்கள். அதே புத்தகத்தில் இன்னொரு செய்தியும் இருக்கிறது. மாயூரத்தில் கோபாலகிருஷ்ண பாரதியாரிடம் அவர் பாட்டுக் கற்றுக்கொண்டிருந்தார்; மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளைக்கு அது பிடிக்கவில்லை என்று தெரிந்ததும் விட்டுவிட்டார். தமிழா சங்கீதமா என்றால் தமிழ். தனிமனிதத் தேர்வு என்று இதைத் தள்ளிவிட முடியவில்லை. நம் தமிழ்க் கல்வி முழுவதும் அந்த முடிவின் மேல்தான் உட்கார்ந்திருக்கிறது. நான் எம்.ஏ. படித்த இரண்டு வருஷத்தில் பதமும் சிந்தும் கீர்த்தனையும் 'சிற்றிலக்கியம்' என்ற தலைப்பில் வந்தன. ஒரு மெட்டும் காதில் விழவில்லை. ஓலையிலிருந்து அச்சுக்குச் சொல் வந்தது, ராகப் பெயரும் தாளப் பெயரும் வந்தன, பாட்டு வரவில்லை.

அப்படியானால் 'வேலவரே' எப்படி இன்றும் பைரவியில் கேட்கிறது? கனம் கிருஷ்ணையரின் பதங்களில் சில மெட்டோடு பிழைத்தது பாடிய பெண்களால். வீணை தனம்மாளின் வீட்டுப் பெண்கள், பிருந்தாவும் முக்தாவும், இவ்வகைப் பதங்களைத் தொண்டையில் வைத்திருந்தவர்கள். 1947இல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது. அதற்கு வெகுமுன்பே அந்தச் சமூகத்துப் பெண்களை மேடையிலிருந்து இறக்கும் வேலை 'கலை மீட்பு' என்ற பெயரில் நடந்துகொண்டிருந்தது. எழுத்து கைவிட்டதை, எழுத்தாளர் சமூகம் இழிவென்று ஒதுக்கியவர்கள் வைத்திருந்தார்கள். அவர்கள் பாடாத பதங்களுக்கு இன்று பெரும்பாலும் மிச்சம் ராகப் பெயரும் தாளப் பெயரும்தான். அவற்றை எந்த மென்பொருளில் போட்டாலும் வெறும் ஐந்து கோடுதான் வரும். அது மென்பொருளின் குற்றமா?

இதே வட்டாரத்தில் ஏலாக்குறிச்சி இருக்கிறது. அங்கே அடைக்கல மாதாவுக்குக் கோயில் எழுப்பிய வீரமாமுனிவர், எகர ஏகாரமும் ஒகர ஓகாரமும் தனித்தனி வடிவத்தோடு தெரியும்படி எழுத்தைத் திருத்தியவர். அதற்கு முன் குறிலைக் காட்ட இலக்கணம் புள்ளி வைக்கச் சொன்னது. ஓலையில் எழுதியவர்கள் புள்ளி வைப்பதில்லை. நெடிலா குறிலா, மெய்யா உயிர்மெய்யா, அது காலா ரகரமா எல்லாம் படிக்கிறவன் தலையில். பதிப்பாசிரியன் ஒவ்வோரிடத்திலும் முடிவெடுத்தான், பாடபேதத்தை அடியில் போட்டான், சண்டை போட்டான். பைரவியின் 'த' ஓலைச்சுவடியின் 'எ' மாதிரிதான். ஓலைக்கு நாம் பதிப்பாசிரியன் பெயரைக் கேட்கிறோம். இசைத்தாளுக்கு ஏன் கேட்பதில்லை?

கேட்டவர்கள் இருந்தார்கள். ஏ.எம்.சின்னசாமி முதலியார் என்ற கிறித்தவர் சென்னையில் 1890களில் நம் கீர்த்தனைகளை ஐரோப்பியக் குறிப்பில் அச்சிட்டார். மென்பொருளா, மண்ணாங்கட்டியா; கையாலேயே மாற்றினார். பாட்டுகளைச் சொல்லி உதவியவர் சுப்பராம தீட்சிதர். கோட்டில் ஏற்றும்போது எது ஏறவில்லை என்பது தீட்சிதருக்குத் தெரிந்திருக்க வேண்டும். 1904இல் எட்டயபுரத்தில் அச்சான அவருடைய 'சங்கீத சம்பிரதாய பிரதர்சினி' தெலுங்கு எழுத்தில், கமகங்களுக்கென்று தனித்தனிக் குறிகளோடு வந்தது. அதை எழுதத் தூண்டியவர்களில் சின்னசாமி முதலியாரும் ஒருவர். கோட்டுக்குப் போன அனுபவம் எழுத்தைச் செறிவாக்கியது என்றுதான் இதை வாசிக்கிறேன். மாற்றுவதால் மட்டும் எதுவும் கெட்டுப்போவதில்லை; மாற்றும்போது எது உதிர்ந்தது என்று குறித்துக்கொள்கிறவன் வேண்டும். பிற்காலத்தில் எம்.சுப்ரமணியன் உருவாக்கிய 'காயகா' மென்பொருள் அடித்துக்கொடுத்த ஸ்வர எழுத்தைக் கமகத்தோடு ஒலிக்கவைத்தது. கோட்டுக்குப் போகாமல் நேரே காதுக்குப் போன வழி அது.

'அப்ப ஐந்து கோடே வேண்டாங்கிறீங்களா?' என்று ஒரு நண்பர் கேட்டார். அப்படிச் சொல்ல எனக்கு வாய் வராது. பண்ணைப்புரத்திலிருந்து அண்ணன் பாவலர் வரதராசனோடு கம்யூனிஸ்ட் மேடைகளில் வாசித்துவந்த இளையராஜா, சென்னையில் தன்ராஜ் மாஸ்டரிடம் கற்றது இந்த ஐந்து கோட்டைத்தான். குருகுல வாசல் யாருக்குத் திறந்தது, யாருக்குச் சாத்தியது என்பது ஊரறிந்தது. 2025 மார்ச் 8இல் லண்டனில் அவருடைய சிம்பொனியை வாசித்தவர்கள் தாளைப் பார்த்துத்தான் வாசித்தார்கள். 'நம்ம சங்கீதம் கோட்டுக்குள் அடங்காது' என்கிற குரலில் பாதி அழகியல். மீதிப் பாதி, வித்தையைக் குடும்பத்துக்கு வெளியே விடாத பழைய புத்தி. காகிதத்துக்குச் சாதி தெரியாது என்று பாடமாட்டேன், அதுவும் பொய். ஆனால் காகிதத்தைத் திருடிப் படிக்கலாம்.

எழுத்துக்கே வராதவற்றைப் பற்றித்தான் நம் தோழர்கள் யோசிக்க வேண்டும். செந்துறைப் பக்கமோ வேப்பந்தட்டைப் பக்கமோ ஓர் இழவு வீட்டில் ஒப்பாரி வைக்கிற பெண்ணிடம் ஸ்வரம் கிடையாது. நாட்டார் பாடல் தொகுப்புகள் பெரும்பாலும் அவர் சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டன. வர்க்கம், சாதி, சோகம் எல்லாம் சொல்லிலேயே கிடைத்துவிட்டதால் குரல் தேவைப்படவில்லை, உ.வே.சா. எடுத்த அதே முடிவை இடதுசாரிகளும் எடுத்தோம். இப்போது ஒருவர் அந்த ஒப்பாரியைக் கேட்டு, ஸ்வரம் பிரித்து, எழுத்தில் அடித்து, மென்பொருளில் போடுகிறார் என்று வையுங்கள். அழுகை மூச்சில் ஓடும், தாளத்தில் ஓடாது. மென்பொருள் நாலுக்கு நாலு என்று கோடு கிழிக்கும். அந்தப் பெண்ணின் சுருதி எதுவோ, தாளில் அது 'சி' ஆகிவிடும். பறையின் அடிகளை அடிப்பவர்கள் சொல்லாகவே சொல்லிக்கொடுக்கிறார்கள். அந்தச் சொற்கட்டும் எழுத்துக் குறிப்புத்தான். ஆனால் இந்த மென்பொருள்களில் எதுவும் அந்தச் சொல்லை அப்படியே வாங்கிக்கொள்வதில்லை. யாராவது முன்கூட்டியே அதை மொழிபெயர்த்துத் தர வேண்டும். அந்த யாரோவுக்குத்தான் அதிகாரம்.

ஏபிசிக் கோப்பின் தலைப்பில் பலரும் நிரப்பாமல் விடுகிற சில வரிகள் உண்டு. எந்த ஊர் என்பதற்கு ஒன்று, யாரிடம் கேட்டது என்பதற்கு ஒன்று, யார் எழுதினார் என்பதற்கு ஒன்று, குறிப்புகளுக்கு ஒன்று. கோடு போடும் மென்பொருள்களில் பல, இவற்றில் சிலவற்றை நாமாகச் சொன்னாலொழிய அச்சிடுவதில்லை. இந்த 'த'வை நான் சதுச்ருதி என்று கொண்டேன், இந்த இடத்தில் தாளம் இல்லை, இந்தப் பாட்டின் ஸ்ருதி இது, ஒலிப்பதிவு இன்னாரிடம் இருக்கிறது என்றெல்லாம் அங்கே எழுதலாம். எழுதிவிட்டு, கோட்டுத்தாளைக் கொடுக்கும்போது எழுத்துக் கோப்பையும் ஒலியையும் சேர்த்தே கொடுக்கலாம். அடுத்து வருகிறவர் நம் உரையை மறுத்து வேறு உரை எழுத அது போதும்.

இன்னொரு வரியும் இருக்கிறது, இயற்றியவர் பெயருக்கு. நாட்டார் பாட்டென்றால் அங்கே 'மரபு' என்று அடித்துவிட்டு அடுத்த வேலையைப் பார்க்கிறோம். நாளைக்கு ஒரு சினிமாக் கம்பெனிக்காரர் அந்தத் தாளை எடுத்துக்கொண்டு போனால் 'மரபு' வழக்குப் போடாது. பாடியவருக்குப் பேர் இருக்கிறது. எழுதலாமா என்று அவரிடமே முதலில் கேட்க வேண்டும். வேண்டாமென்றால் அந்தப் பாட்டைக் கணினியில் ஏற்றாமலே விடவும் வேண்டும்.