எண்களுக்கும் பரம்பரை உண்டு

நம் சங்கத்தின் மலர்க் குழுவினர் பணித்ததால் எழுதுகிறேன். உகந்த மின்பாய்வுக் கணக்கின் வரலாறு நம் உறுப்பினர்களுக்குப் புதிதல்ல. 1962இல் பிரான்சின் கார்பென்டியே, 1968இல் டொம்மலும் டின்னியும், 1974இல் மான்செஸ்டரின் அல்சாச்சும் ஸ்டாட்டும் என்று மூத்தோர் பலமுறை பேசிய வரிசைதான். கணக்கைத் தீர்க்கும் முறைகளில் இந்தப் பள்ளிகளுக்குள் வேறுபாடு உண்டு. ஆனால் உள்ளே கொடுக்கும் எண்களைக் கண்ணியத்தோடு கையாள வேண்டும் என்பதில் எல்லாரும் ஒரே கட்சி.

என் ஆசான் வளர்த்தது இந்த எண்களின் பள்ளி. கோப்பு கைக்கு வந்ததும் ரன் கொடுக்க விடமாட்டார். அடிப்படை எம்.வி.ஏ. என்ன, லைன் சார்ஜிங் முழு அளவா, ஒரு முனைக்கு உரிய பாதியா, டேப் டிரான்ஸ்ஃபார்மரின் எந்தப் பக்கம், ஜெனரேட்டரின் ரியாக்டிவ் எல்லை எங்கிருந்து வந்தது என்று வரிசையாகக் கேட்பார். செலவுச் சமன்பாட்டை மெகாவாட்டிலிருந்து பெர் யூனிட்டுக்கு மாற்றும்போது, 100 எம்.வி.ஏ. அடிப்படையில் நேர்கோட்டுக் கெழு 100 மடங்காகும், இருபடிக் கெழு 10,000 மடங்காகும். அதை அவர் முன்னால் எழுதிக் காட்டாமல் நகர முடியாது.

நாம் எல்லாரும் புழங்கும் 30 பஸ் அமைப்பையே எடுத்துக்கொள்வோம். அதன் வேர் 1961 டிசம்பரில் அமெரிக்கன் எலெக்ட்ரிக் பவர் வலையமைப்பின் ஒரு பகுதி. அது லோட் ஃப்ளோவுக்கான தரவு என்பதால் செலவும் இல்லை, லைன் எல்லையும் இல்லை. அல்சாச்சும் ஸ்டாட்டும் அதை உகந்த பாய்வுக்கு ஏற்றபடி அமைத்தார்கள். மேட்பவர் என்னும் மென்பொருளில் உள்ள 'கேஸ்30' கோப்போ அவர்கள் தரவில் லைன் அளவுகளை 0.01க்கு முழுமையாக்கி, 10ஆம் பஸ்ஸின் ஷன்ட்டை 5ஆம் பஸ்ஸுக்கு மாற்றி, அங்கிருந்த லோடை நீக்கி, ஜெனரேட்டர் இடங்களையும் செலவுகளையும் 1997ஆம் ஆண்டுக் கட்டுரை ஒன்றிலிருந்து எடுத்துக்கொண்டது. தொகுத்தவர்கள் இவ்வளவையும் கோப்பின் தலைப்பிலேயே நேர்மையாக எழுதிவைத்திருக்கிறார்கள்.

அந்தத் தலைப்பைப் படிப்பவர் எத்தனை பேர்? இன்றைய இளைஞர்களின் திறமையைக் குறை சொல்ல எனக்குத் தகுதி இல்லை. அவர்கள் கை வேகம் எங்களுக்கு இருந்ததில்லை. ஆனாலும் சில கட்டுரைகளில் 'ஐஇஇஇ 30 பஸ்' என்ற ஒற்றைச் சொல்லோடு தரவு முடிந்துவிடுகிறது. எந்த 30 என்று கேட்க ஆளில்லை. ரேட்டிங் இடத்தில் 0 இருந்தால் அந்த லைனுக்கு எல்லையே இல்லை என்று மென்பொருள் எடுத்துக்கொள்கிறது. எல்லாக் கிளைகளிலும் 0 கிடக்க, நெரிசல் தீர்ந்தது என்று முடிவு எழுதுகிறார்கள்! இல்லாத நெரிசல் எப்படித் தீரும்? இப்படிப்பட்ட முடிவின்மேல் அடுத்தவர் தம் முடிவை அடுக்குகிறார். நாளை கிரிட் இயக்குபவரும் அதை நம்பிக் கை வைப்பார். இந்த அலட்சியம் வேரூன்றினால், முன்னோர் அறுபதாண்டு கட்டிய துறையில் நம்பத்தக்க ஓர் எண்கூட மிஞ்சாது.

சங்கத்துப் பெரியோரிடம் ஒரே ஒரு விண்ணப்பம். நம் மேடையில் வாசிக்கப்படும் எந்தக் கட்டுரையும் தன் தரவு எங்கிருந்து வந்தது, எதை யார் மாற்றினார், எல்லைகளை எப்படி வைத்தார் என்று ஒரு பக்கம் எழுதித் தர வேண்டும். தராத கட்டுரையைத் திருப்பி அனுப்புங்கள்.