திருவாரூர்த் தேர்க்காலில் மூன்று அறங்கள்

திருவாரூர்க் கோயில் மதிலுக்கு வெளியே நிற்கும் கல் தேர் மனுநீதிச் சோழனின் நினைவு. 12ஆம் நூற்றாண்டில் சேக்கிழார் அந்தக் கதையைப் பெரியபுராணத்தின் தொடக்கத்திலேயே வைத்தார். அறநூலார் இன்றும் ஓயாமல் வழக்காடும் மூன்று கட்சிகளும் அதில் ஒரே அவையில் நிற்கின்றன.

இளவரசன் தேர்க்காலில் கன்று மடிகிறது; தாய்ப்பசு மணியை அடிக்கிறது. அமைச்சர்கள் பேசுவது வழக்கத்தின் கட்சி: முன்பும் இப்படி நடந்ததுண்டு, அதற்காகக் கொல்வது மரபில்லை, மறை சொன்ன கழுவாய் போதும். அரசன் மடக்குகிறான்: அயலான் கொன்றால் கொலைத்தண்டனை, என் மகன் கொன்றால் கழுவாயா? எல்லார்க்கும் விதியாக்க முடியாததைத் தனக்கு மட்டும் வைத்துக்கொள்ளாதே என்று ஜெர்மானிய அறிஞர் காண்ட் 1785இல் எழுதியதும் இதே கடமையறத் தடம்தான். குலத்துக்கு ஒரே மகன் என்பதையும் சோழன் எண்ணவில்லை. பெந்தாம், மில் வழியில் விளைவை எடைபோடுவோர் அதைத்தான் முதலில் எண்ணியிருப்பார்கள். அவர்கள் பக்கமும் நியாயம் உண்டு: கன்றுக்குப் பின் ஆணையை நிறைவேற்ற மனமில்லாத அமைச்சன் உயிரை விட்டான், பிறகு இளவரசனும் போனான். சிவபெருமான் வந்து மூவரையும் எழுப்ப வேண்டியிருந்தது. கடமையறம் வைத்த பாக்கியைத் தெய்வம் தீர்த்தது என்று சொன்னால் அடியார்கள் பொறுத்தருள்க.

வள்ளுவர் எந்தக் கட்சியிலும் அடங்கமாட்டார். குற்றமற்ற நன்மை தரும் பொய்யை வாய்மையோடு சேர்த்தவர், பெற்றவள் பசித்திருந்தாலும் சான்றோர் பழிப்பதைச் செய்யாதே என்றும் சொன்னார். உரைகண்ட பரிமேலழகரோ ஒழுக்கத்தை வருணத்துக்கு வருணம் பிரித்துவைத்தார்.

இப்படி ஆளுக்கு ஆள், ஊருக்கு ஊர் நியாயம் வேறு என்னும் அறச்சார்பியம், பிறர் வாழ்முறையை இகழாதே என்ற அளவில் நல்லதே. ஆனால் தஞ்சை வயல்களில் அதன் முகம் வேறு. பண்ணையாளுக்குச் சவுக்கடியும் சாணிப்பால் புகட்டலும் அன்றைய மிராசுதாரர் கண்ணில் வெறும் ஊர்வழக்கமாக இருந்தன. அந்த வழக்கத்தை ஏற்றுக்கொண்டீர்களா என்று அடிபட்டவனை யாரும் கேட்டதில்லை. 1940களில் கம்யூனிஸ்ட் தலைவர் பி. சீனிவாசராவ் சேரிகளில் தங்கிச் சங்கம் கட்டிய பிறகே அந்தக் கேள்வி எழுந்தது. பண்ணையாள் பாதுகாப்புச் சட்டம் 1952இல் வந்தது. சட்டம் வந்தும், 1968 டிசம்பர் 25 இரவு, கூலித் தகராறு முற்றிக் கீழ்வெண்மணியில் 44 பேர் குடிசைக்குள் எரிந்துபோனார்கள். அவர்களில் பெரும்பாலோர் பெண்களும் குழந்தைகளும். சார்பியம் பேசுவோர் தங்கள் கொள்கையை முதலில் அங்கே கொண்டுபோய் நிறுத்திப் பார்க்கட்டும்.