மருந்து அடும் பெண்டுகள்

பதினைந்து கட்டில்கள். பழந்தமிழர் மருத்துவம் பற்றி எந்த மேடையில் யார் பேசினாலும் இந்த எண் வந்துவிடும். 'ஐரோப்பா இருட்டில் கிடந்தபோதே' என்று தொடங்குகிற வாக்கியத்தின் வால்முனையில் திருமுக்கூடல் கல்வெட்டு உட்கார்ந்திருக்கும். நானும் அப்படிப் பேசியவன்தான். போடியில் ஒரு கூட்டத்தில் அதற்குக் கைதட்டலும் வாங்கியிருக்கிறேன், அந்தச் சுவரை ஒருமுறைகூடப் பார்க்காமலேயே.

பார்க்க நேர்ந்தது அத்தையால். இருபத்திரண்டு வருஷம் ஏலத்தோட்டத்துக்குப் போனவள். விடியுமுன் ஜீப்பில் அடைந்து, போடிமெட்டு ஏறி, கேரளத்துப் பக்கம் இறங்கி, களை வெட்டி, காய் எடுத்து, இருட்டிய பிறகு வீடு திரும்பும் பெண்களில் ஒருத்தி. தோலில் தொடங்கி மூச்சில் வந்து நின்ற நோய்க்கு ஊர் ஊராக அலைந்து கடைசியில் சென்னை. அங்கே ஓர் ஆஸ்பத்திரியில், கட்டில் காலியில்லை, நாலு நாள் கழித்து வாருங்கள் என்றார்கள். செங்கல்பட்டில் சொந்தக்காரர் வீட்டில் தங்கினோம். 'சும்மா கெடக்குறதுக்கு ஏதாச்சும் பெருமாள் கோயிலுக்குக் கூட்டிட்டுப் போப்பா' என்றாள்.

பழையசீவரத்தில் இறங்கி ஆற்றைத் தாண்டினால் திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடுமிடம். வெங்கடேசப் பெருமாள் கோயில். கட்டிலும் இல்லை, மருந்துப் பானையும் இல்லை. எழுத்துதான் மிச்சம்.

கம்போடியாவிலும் இதே கதைதான். ஏழாம் ஜெயவர்மன் ஆட்சியில் 102 ஆஸ்பத்திரிகள் இருந்ததாக 1186ஆம் ஆண்டின் தா ப்ரோம் கல்வெட்டு சொல்கிறது. நோயாளிகள் கிடந்த மரக் கட்டடங்கள் மக்கிவிட்டன. பக்கத்தில் மருந்துப் புத்தருக்குக் (பைஷஜ்யகுரு) கட்டிய சிறு கற்கோயில்கள் நிற்கின்றன. சாமிக்குக் கல், நோயாளிக்கு மரம். நான்கு வருணத்தாருக்கும் அங்கே வைத்தியம் உண்டு என்கின்றன அந்த ஆஸ்பத்திரிக் கல்வெட்டுகள். (அந்தச் சமூகம் நம்முடையதைப் போன்றதல்ல. ஆனாலும் 'நான்கு' என்று எண்ணும்போது நம் காது ஐந்தைத் தேடுகிறது.) லாவோசின் சாய் ஃபோங்கில் கிடைத்த கல்வெட்டில், அரசுக் களஞ்சியத்திலிருந்து தரவேண்டிய சரக்குகளில் தேன், கற்பூரம், சீரகம் இவற்றோடு ஏலக்காயும் இருக்கிறது. இந்த ஏலக்காயை எடுத்த கைகள் யாருடையவை? தா ப்ரோம் கல்வெட்டு எண்ணிக்கையை மட்டும் தருகிறது: ஆஸ்பத்திரிகளுக்குப் படியளந்தவை 838 ஊர்கள், 81,640 பேர். 102ஐ வியக்கிறவர்கள் 81,640ஐ உச்சரிப்பதில்லை.

திருமுக்கூடல் கல்வெட்டு வீரராஜேந்திர சோழனின் ஐந்தாம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. 1060களின் பிற்பகுதி. வயலைக்காவூரின் வரியைக் கோயிலுக்குத் திருப்பி, திருவிழா, வேதப் பள்ளி, மாணவர் விடுதி, 'வீரசோழன்' என்ற ஆதுலசாலை எல்லாவற்றுக்கும் பங்கு பிரிக்கிறது. வைத்தியருக்குப் பெயர் இருக்கிறது: கோதண்டராமன் அசுவத்தாம பட்டன். வருஷத்துக்கு 90 கலம் நெல், 8 காசு. அறுவை செய்பவருக்கு 30 கலம். பச்சிலையும் விறகும் கொண்டுவந்து மருந்து செய்யும் ஆண்கள் இருவருக்கு 60. 'மருந்து அடும் பெண்டுகள்' இருவருக்கும் சேர்த்து 30. நாவிதருக்கு 15. நோயாளிக்கு நாளொன்றுக்கு நாழி அரிசி. இரவில் எரிய ஒரு விளக்கு.

மருத்துவமனை உடலை அதிகாரத்தின் பார்வைக்குள் கொண்டுவந்த கதையை ஃபூக்கோ 1963இல் பாரீசை வைத்து எழுதினார். நம் சிறுபத்திரிகைகளில் அதை மேற்கோள் காட்டாதவர் குறைவு. ஆனால் இந்தச் சுவரில் நடப்பது பார்வையல்ல, படியளப்பு. மந்திரமும் நூலும் அறிந்தவருக்கு 90. உடம்பைத் தொட்டு அறுக்கிறவருக்கு அதில் மூன்றிலொன்று. ரத்தமும் சீழும் படுகிற கைக்கு நெல் குறைகிறது. தீட்டின் கணக்கு என்று இதை வாசிக்காமல் வேறெப்படி வாசிப்பது? பச்சிலை பறிக்கும் ஆணுக்கு 30 என்றால் மருந்து காய்ச்சும் பெண்ணுக்கு 15.

அத்தையிடம் இதைச் சொன்னபோது சிரித்தாள். 'ஆம்பளைக்கு ஒண்ணு, பொம்பளைக்கு அரையா? அப்பவுமா?' பிறகு, 'ஆமா, அந்தப் பதினஞ்சு கட்டில்ல யாரு படுத்தாக?' கோயில் வேலைக்காரர்கள், வேதம் இலக்கணம் படிக்க வந்த அறுபது பேர் என்றேன். 'நெல்லு குடுத்த ஊருக்காரவுக?' வயலைக்காவூர் அந்தக் கல்வெட்டில் வரி கொடுக்கும் ஊராகத்தான் வருகிறது. இந்தக் கேள்வியைக் கூட்டத்தில் கைதட்டிய ஒருவரும் கேட்கவில்லை. நானும் என்னைக் கேட்டுக்கொள்ளவில்லை.

'அடுதல்' என்றால் சமைத்தல், காய்ச்சுதல். எங்கள் மலையில் மருந்து அடிப்பது என்று ஒன்று உண்டு. ஏலச்செடியில் பூச்சிக்குத் தெளிப்பதையும் நாங்கள் 'மருந்து' என்றுதான் சொல்கிறோம். விஷம் என்று யாரும் சொல்வதில்லை. சொன்னால் மறுநாள் ஜீப்பில் ஏற முடியாது. மருந்தடித்த ஈரம் காயுமுன் உள்ளே இறங்கிக் காய் எடுத்திருக்கிறாள் அத்தை. காசர்கோட்டு முந்திரிக் காடுகளில் எண்டோசல்ஃபான் செய்தது வெளியே தெரியவே எத்தனை வருஷம் ஆயிற்று? 2011இல்தான் உச்ச நீதிமன்றத் தடை வந்தது. மருந்து அடும் பெண்டுகளிலிருந்து மருந்து படும் பெண்டுகள் வரை வந்திருக்கிறோம்.

ஆனால் ஒன்றை ஒப்புக்கொள்ள வேண்டும், தோழர்கள் கோபித்துக்கொண்டாலும். கோயில் பெருமையைக் கிழித்துப்போட்ட திருப்தியோடு நான் திரும்பியிருக்கலாம். முடியவில்லை. வருஷத்துக்கு வேண்டிய மருந்துகளைப் பெயர் பெயராகச் சொல்லி, இன்னாருக்கு இவ்வளவு என்று ஊரறியச் சுவரில் வெட்டியிருக்கிறான். அந்த இரண்டு பெண்களுக்குப் பெயர் இல்லாவிட்டாலும் கூலி எழுத்தில் இருக்கிறது. அத்தையின் இருபத்திரண்டு வருஷம் எந்தச் செக்ரோலிலும் ஏறவில்லை. வைத்தியச் செலவு கேட்டுப் போனபோது, 'இவ எங்க தோட்டத்துல வேலை செஞ்சதுக்கு என்ன ஆதாரம்?' என்றுதான் கேட்டார்கள்.

கிளம்பும்போது அத்தை, 'அந்த ரெண்டு பொம்பளைகளப் பத்தி எழுதியிருக்கிறது எந்த எடம்?' என்றாள். நான் சொன்ன கலக்கணக்கு எல்லாம் அச்சில் படித்தது. பழைய எழுத்து எனக்கு வாசிக்க வராது. குத்துமதிப்பாகச் சுவரில் ஓர் இடத்தைக் காட்டினேன். அங்கே உள்ளங்கையை வைத்துக்கொண்டு, மூச்சு வாங்குவது அடங்கும்வரை நின்றாள்.