அணிகலனும் ஆள்விலையும்

ஜெர்மானிய நாடகப் புலவர் ஷில்லர் இயற்றிய ‘சூழ்ச்சியும் காதலும்’ 1784ஆம் ஆண்டு முதன்முதலாக மேடையேறியது. உயர்குடி இளைஞன் ஒருவனும் இசைவாணர் ஒருவரின் மகளும் கொண்ட காதல், அரண்மனைச் சூழ்ச்சியால் நஞ்சில் முடிவதே அதன் கதை. கதை நிகழ்வது பெயர் சுட்டப்படாத ஒரு குறுநில அரசில். அந்நாட்டு மன்னன் ஒருமுறையேனும் மேடையில் தோன்றுவதில்லை. எனினும் அவனுடைய ஆணையே அனைவரையும் ஆட்டிவைக்கிறது. இவ்வமைப்பு ஆசிரியரின் திறனுக்கு நல்ல சான்றாகும்.

இரண்டாம் அங்கத்தில் வரும் ஒரு காட்சி நாடகத்தின் உயிர்நிலை எனலாம். மன்னனின் ஆசைநாயகியான மில்போர்ட் சீமாட்டிக்கு, மணப்பரிசாக வைர நகைப்பேழை ஒன்று வருகிறது. அதைக் கொணர்ந்தவன் முதிய பணியாள். விலை என்ன என்று அவள் வினவ, மன்னருக்கு ஒரு காசும் செலவில்லை என்கிறான் அவன். நாட்டின் இளைஞர் ஏழாயிரவர் முதல்நாள்தான் அமெரிக்கப் போருக்கு அனுப்பப்பட்டனர். அவர்களே அதன் விலை! அவனுடைய மைந்தரும் அவர்களுள் இருந்தனர். எதிர்த்து வாய் திறந்தோர் சுட்டு வீழ்த்தப்பட்டனர்.

இது வெறும் கற்பனையா? அன்று. அமெரிக்க விடுதலைப் போரில் பிரிட்டன், ஆறு ஜெர்மானிய அரசுகளிடமிருந்து ஏறத்தாழ 30,000 வீரர்களைக் கூலிக்குப் பெற்றது. மிகுதியாக அனுப்பியது ஹெஸ்ஸே–காசல். ஆயினும் குறுநில ஆட்சியின் இயல்பை நன்கு காட்டுவது ஆன்ஸ்பாக்–பைராய்ட் என்னும் சிறுநாட்டின் வரலாறு. அதன் மன்னன் கார்ல் அலெக்சாண்டர் 1757இல் ஆன்ஸ்பாக்கின் ஆட்சியை ஏற்றான். 1769இல் பைராய்ட்டும் அவனுக்கு உரிமையாயிற்று. 1777இல் அவன் பிரிட்டனுடன் உடன்படிக்கை செய்துகொண்டான். படகுகளில் நெருக்கி ஏற்றப்பட்ட வீரர்கள், மைன் ஆற்றங்கரையிலுள்ள ஓக்சன்பூர்ட் ஊரில் கலகம் செய்தனர். செய்தி கேட்ட மன்னன் தானே குதிரையேறி விரைந்தான். கலகத்தை அடக்கி, ஹாலந்து வரை படையுடன் சென்று வழியனுப்பினான்.

இம்மன்னனுக்கு ஆதரவாகச் சொல்லத்தக்கதும் உண்டு. அவனுடைய தந்தை வல்லூறு வேட்டையிலும் ஆடம்பரத்திலும் பெரும்பொருளைச் செலவிட்டுக் கடனை விட்டுச் சென்றவர். மகனோ படைக்கூலியாகப் பெற்ற பணத்தைக் கொண்டு அக்கடனைக் குறைத்தான். 1780இல் அரசவை வங்கி ஒன்றையும் நிறுவினான். ஆகவே ஆசைநாயகியின் நகைக்காக ஆள் விற்ற மன்னன் என்னும் ஓவியம் இவனுக்குப் பொருந்தாது. ஷில்லர் மிகைப்படுத்திவிட்டார் என்று கூறுவோர்க்கு இது தக்க சான்றே.

ஆனால் இச்சான்று முதியவனின் வினாவுக்கு விடையாகுமா? கடன் வாங்கியவர் மன்னர். அடைத்தவர் குடிமக்களின் பிள்ளைகள். நகைக்காயினும் கடனுக்காயினும், விற்கப்பட்டவனின் இசைவை எவரும் கேட்கவில்லை. செலவின் நோக்கம் நல்லதாயின் வரவின் வழியும் நல்லதாகிவிடாது. ஆதலின் செய்தியில் மிகைபடக் கூறிய ஷில்லர், அறத்தில் பிழைபடக் கூறினாரல்லர். வூர்ட்டெம்பெர்க் கோமகனின் தடையாணைக்கு அஞ்சி 1782இல் நாட்டைவிட்டே ஓடியவர் அவர். ஆளப்படுவோரின் வாய் அடைக்கப்படுதல் எத்தகையது என்பதை அவர் நூலில் கற்றறிய வேண்டியிருக்கவில்லை.

நாடகத்தின் குறை வேறிடத்தில் உள்ளது. முதியவனின் சொல் கேட்டு மனங்கலங்கிய சீமாட்டி, நகைகளை விற்றுத் தீயால் வீடிழந்தோர்க்கு வழங்கப் பணிக்கிறாள். அரசின் கொடுமை பற்றிய வினா, இங்கே ஒரு பெண்ணின் ஈகையாகச் சுருங்கிவிடுகிறது. முதியவனும் பின்னர்த் தோன்றுவதில்லை. அக்காட்சியை நீக்கினாலும் காதற்கதை தடையின்றி ஓடும். மிகச் சிறந்த காட்சி கதையோடு மிகக் குறைவாகப் பிணைந்திருப்பது வருந்தத்தக்கதே.

கார்ல் அலெக்சாண்டரின் கதையோ நாடகத்தையும் விஞ்சிவிட்டது. 1791இல் அவன், ஆண்டுதோறும் பெறும் உதவித்தொகைக்கு ஈடாகத் தன் நாடு முழுவதையும் பிரஷ்யாவுக்கு ஒப்படைத்தான். கிரேவன் சீமாட்டி என்னும் ஆங்கிலப் பெண்மணியை மணந்து இங்கிலாந்தில் குடியேறி, 1806இல் அங்கேயே மறைந்தான். முன்னர் வீரர்களைக் கொடுத்தவன், பின்னர் மண்ணையும் மக்களையும் ஒருங்கே கொடுத்துவிட்டான்.

அவன் அனுப்பிய படைகள் 1781இல் யார்க்டவுனில் சிறைப்பட்டன. அமெரிக்கா சென்ற ஏறத்தாழ 2,350 பேரில் நாடு திரும்பியோர் பாதியளவினரே. அரண்மனை ஏடுகளில் அடைபட்ட கடன் வரவாக நிற்கிறது. திரும்பாத மறுபாதியினரின் தந்தையருக்காக, அந்த முதிய பணியாள் ஒருவனே மேடையேறிப் பேசுகிறான். இந்நாடகத்தை மாணவர்க்குக் கற்பிக்கும் ஆசிரியர், காதலர் சாகும் இறுதிக் காட்சிக்கு முன்னர் இக்காட்சியில் சிறிது நேரம் நின்று செல்வது நலம்.